மாதிரிக்கு ஒரு கம்பி

தெருவே 'டிரைவர்' என்றழைக்கும் அந்தப் பெரியவர் பேருந்து ஓட்டும் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பிரேக் மட்டும் இன்னும் அவர் காலடியிலேயே இருக்கிறது. பிறர் ஓட்டும் பேருந்தில் அவர் உட்கார்ந்து செல்லும்போது, வளைவு வருவதற்கு முன்பே அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி முறைத்தால், "நான் அழுத்தலன்னா இவன் நின்னிருக்கமாட்டான்" என்று பொறுப்போடு விளக்கம் தருவார்.

பணிக்காலம் முழுவதும் அவர் யாரிடமும் வழி கேட்டதில்லை. வழி கேட்பது பயணிகளின் வேலை என்பது அவர் கொள்கை. இரண்டாவது கொள்கை ஒன்றும் உண்டு: மணி அடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும். இரண்டு மணி என்றால் புறப்பட வேண்டும். அந்த மணியைப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்த பெண் நடத்துநரையே அவர் மணந்துகொண்டார். திருமணத்திற்குப் பிறகு மணிதான் இல்லாமல் போயிற்றே தவிர, ஏற்பாடு மாறவில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோவது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது, எதுவாயினும் கண்டக்டரம்மா தலையசைத்தால் வண்டி நகரும். இல்லையேல் எஞ்சின் உறுமியபடி நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்குப் பெயர் அடிமைத்தனம் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். "இதுக்குப் பேரு ஆக்சிடென்ட் இல்லாத சர்வீஸ்" என்பார் டிரைவர்.

ஆக்சிடென்ட் கடைசியில் குளியலறையில் நடந்தது.

அது வாடகை வீடு. வீட்டின் உரிமையாளருக்குப் பளபளப்பின் மீது தீராக் காதல். குளியலறைத் தரையில் அவர் பதித்திருந்த டைல்ஸ் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு மின்னியது. அந்தத் தரையில் மனிதர்கள் காலை வைப்பார்கள் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை போலும். ஓடும் பேருந்தில் எதையும் பிடிக்காமல் நின்று, இரு கைகளாலும் சீட்டுக் கிழித்த கண்டக்டரம்மா, ஓடாத தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நடைப்பயிற்சி தரும் வார்டுக்கு அவரை மாற்றினார்கள். அங்கே அவர் நான்கு கால் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பழகியதோடு, எந்தக் கட்டிலிலிருந்து யார் எப்போது 'இறங்கப்போகிறார்' என்ற விவரத்தையும் விரல்நுனியில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் வார்டின் தலைமைச் செவிலியர் டிரைவரைக் கூப்பிட்டார். கனிவான அம்மையார், கையில் எப்போதும் ஓர் அட்டையும் அதில் செருகிய படிவமும் இருக்கும்.

"ஐயா, அம்மா நல்லா நடக்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள கட்டிலைக் காலி பண்ணிக் கொடுக்கணும். உங்க வீட்டு பாத்ரூம்ல பிடிச்சுக்க ஏதாவது இருக்கா?"

"கதவு இருக்கும்மா."

"கதவைப் பிடிச்சா?"

டிரைவர் சற்று யோசித்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "கதவும் கூட வரும்."

"அப்போ கஷ்டம். பிடிச்சுக்க உறுதியான கம்பி இருக்கணும். இருக்குன்னு ஒரு அதிகாரி நேர்ல வந்து பார்த்து எழுதியும் கொடுக்கணும். இல்லன்னா அம்மாவை முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். பெரிய தோட்டமெல்லாம் உண்டு."

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த கண்டக்டரம்மா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தோட்டத்துல நான் என்ன மேயவா போறேன்?"

செவிலியர் சிரித்தார். "வயசானவங்களுக்கு எத்தனையோ உதவித் திட்டம் இருக்குங்கய்யா. கம்பியும் அவங்களே போட்டு, சான்றும் கொடுப்பாங்க. கண்டுபிடிச்சு மனு போடுங்க."

"எங்கம்மா இருக்கு?"

"அதைத்தானே கண்டுபிடிக்கச் சொல்றேன்!"

வாழ்க்கையில் முதன்முறையாக டிரைவர் வழி கேட்க வேண்டியவரானார். வழி சொல்வோருக்குப் பஞ்சமே இல்லை, வழிக்குத்தான் பஞ்சம். முதலில் வெளியூரில் வசிக்கும் மகளை அழைத்தார்.

"அப்பா, எல்லாம் ஆன்லைன்லயே இருக்குப்பா. லிங்க் அனுப்பியிருக்கேன், பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அமுக்கினா அது என்னையே கேள்வி கேக்குது."

"என்ன கேக்குது?"

"நீ மனுஷனா, மெஷினான்னு."

"மனுஷன்னு அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். நம்பமாட்டேங்குது. டிராஃபிக் சிக்னல் இருக்கற கட்டத்தையெல்லாம் தொட்டுக் காட்டுன்னுது."

"தொடுங்கப்பா! உங்களுக்குத் தெரியாத சிக்னலா?"

"ஒரு கட்டத்துல சிக்னலோட கம்பம் மட்டும் கொஞ்சமா தெரியுது. கம்பமும் சிக்னல்ல சேர்ந்ததுதான்னு தொட்டேன். தப்புன்னுது. தொடாம விட்டுப் பார்த்தேன். அதுவும் தப்புன்னுது."

வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிவப்பு விளக்கைத் தாண்டாத மனிதரை, விளக்கை அடையாளம் காணத் தெரியாதவர் என்று அந்த இயந்திரம் திரும்பத் திரும்பத் தீர்ப்பளித்தது. டிரைவர் செல்பேசியை மேசைமீது கவிழ்த்து வைத்துவிட்டு, நேரில் செல்வதென்று முடிவு செய்தார்.

முதியோர் உதவி மையம் வெளியிட்டிருந்த கையேட்டின் பெயர் 'உங்கள் வாசலில் நாங்கள்'. அந்த மையத்தை அடைய இரண்டு பேருந்துகள் மாறி, ஒரு மேம்பாலத்தின் அடியில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. மையம் மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஓடாத லிஃப்ட்டின் கதவில், 'படியேறுதல் முதுமையில் உடல்நலம் காக்கும்' என்று ஒட்டியிருந்தார்கள். பழுதுபார்ப்பதைவிட அறிவுரை சொல்வது எளிது என்பதை உணர்ந்த நிர்வாகம் அது.

மேலே மூன்று கவுண்ட்டர்கள் இருந்தன, பெண் அலுவலரோ ஒரே ஒருவர்தான். டிரைவர் முதல் கவுண்ட்டரில் நின்று, வந்த காரியத்தைச் சொன்னார்.

"இது 'விழுமுன் காப்போம்' திட்டம்ங்க. உங்க வீட்டம்மா விழுந்துட்டாங்களா, இன்னும் விழலையா?"

"விழுந்துட்டா."

"அப்போ இதுல வராது. இது விழாதவங்களுக்கு."

"விழுந்தவங்களுக்கு?"

"அடுத்த கவுண்ட்டர்."

டிரைவர் அடுத்த கவுண்ட்டருக்கு நகர்ந்தார். அலுவலரும் எழுந்து, தம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அடுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதற்குரியவர் விடுப்பாம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்பின் பார்த்திராத மனிதரைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க. வீட்டம்மா விழுந்துட்டாங்களா?"

"இப்பதானேம்மா சொன்னேன்?"

"அது அந்தக் கவுண்ட்டர்ல சொன்னது."

டிரைவர் மறுபடியும் சொன்னார். 'விழுந்தபின் தாங்குவோம்' என்ற அந்தத் திட்டத்தில் கம்பி உண்டு, சான்றும் உண்டு. ஆனால் விழுந்தவர் வீட்டில் வசிக்க வேண்டும்.

"அவ ஆஸ்பத்திரியில இருக்காம்மா."

"வீட்டுக்கு வந்ததும் மனு கொடுங்க. கம்பி போட்டுடுவாங்க."

"கம்பி போட்டாத்தான் வீட்டுக்கே அனுப்புவாங்க."

அலுவலர் இதை நிதானமாக எண்ணிப் பார்த்தார். மனிதாபிமானத்தோடு ஒரு தீர்வும் சொன்னார்: "அப்போ நீங்களே ஒரு கம்பியைப் போட்டு, அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. வந்த பிறகு கம்பி வேணும்னு மனு கொடுங்க."

டிரைவருடைய வலது கால் தரையை அழுத்தியது. முன்னால் ஏதோ மோதப்போகிறது என்று அவருக்குத் தோன்றும் போதெல்லாம் நடப்பதுதான். அவர் அங்கிருந்து நகரவில்லை, கத்தவும் இல்லை. "எனக்கு அவ வீட்டுக்கு வரணும்மா. அவ்வளவுதான்" என்றார்.

அலுவலர் அவரை ஒரு கணம் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலிக்குப் போனார்.

"இங்க வாங்க. 'இல்லம் இனிதாகட்டும்'னு ஒண்ணு இருக்கு. வீட்ல இருக்கற பெரியவங்க யார் வேணா கேக்கலாம். நீங்க வீட்லதானே இருக்கீங்க? வயசும் ஆயிடுச்சே. உங்க பேர்ல போடுங்க. பாத்ரூம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

"இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"நீங்க முதல் கவுண்ட்டர்லயே நின்னுட்டீங்களே!"

மனு ஏற்கப்பட்டது. ஓர் அலுவலர் நேரில் வந்து பார்வையிடுவார் என்று தகவலும் வந்தது. அதில் ஒரு வரி: 'உதவி தேவைப்படும் இடத்தை அலுவலர் தெளிவாகக் காணும்படி மனுதாரர் ஏற்பாடு செய்ய வேண்டும்.' வேறு எவராயினும் இவ்வரியைப் படித்துவிட்டு, குளியலறையில் கிடந்த வாளியை நகர்த்தி வைத்ததோடு நிறுத்தியிருப்பார். டிரைவர் அப்படிப்பட்டவர் அல்லர். வாழ்நாள் முழுவதும் அவர் பேருந்தை நிறுத்தியது கம்பம் நட்ட இடத்தில் மட்டுமே. கம்பம் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய மனிதர் கையை நீட்டினாலும் அது நிறுத்தம் ஆகாது. ஆகவே, இடத்தைத் தெளிவாகக் காட்டுவது என்றால் அங்கே ஒரு கம்பத்தை நடுவது என்றே அவர் பொருள் கொண்டார்.

பழைய பணிமனையில் வெல்டராக இருந்த நண்பர் உடனே வந்துவிட்டார். குளியலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு விட்டாப் போதாதாண்ணே?"

"வட்டத்தைப் பார்த்து எந்த பஸ்ஸாவது நிக்குமாப்பா?"

வெல்டர் சாக்பீஸைப் பையில் போட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தார். சுவரில் கம்பியைப் பொருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சுவரில் ஆணி அடித்தால், ஆணி பக்கத்து வீட்டில் முளைக்கும். தரைக்கும் கூரைக்கும் நடுவே நேராக நிறுத்துவதுதான் வழி. கழித்துப் போட்ட பேருந்து ஒன்றிலிருந்து பயணிகள் பிடித்து நிற்கும் மஞ்சள் கம்பி ஒன்றை, பணிமனை மேலாளரிடம் கேட்டே வெல்டர் வாங்கி வந்தார். அது டிரைவரும் கண்டக்டரம்மாவும் ஒன்றாகப் பயணித்த அதே பேருந்தின் கம்பியா என்று கேட்டு நெஞ்சுருக வேண்டியதில்லை. அந்தப் பேருந்தை எப்போதோ உருக்கிவிட்டார்கள். இந்நேரம் யார் வீட்டிலோ ஜன்னல் கம்பியாகி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

"மாதிரிக்குத்தான்பா. லேசா நிறுத்தினாப் போதும்" என்றார் டிரைவர்.

"மாதிரியா இருந்தாலும் நான் வெச்சது ஆடக்கூடாதுண்ணே" என்றார் வெல்டர்.

மேலும் கீழும் இரும்புத் தகடுகள் வைத்து, காங்கிரீட்டைத் துளைத்து, கட்டைவிரல் பருமனுள்ள போல்ட்டுகளை முறுக்கினார். கம்பியின் நடுவே, வண்டியை நிறுத்தச் சொல்லிப் பயணிகள் அழுத்தும் சிவப்புப் பொத்தான் அப்படியே இருந்தது. அழுத்தினால் ஒலிக்காத பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்க வெல்டரால் முடியவில்லை. ஒரு பேட்டரியையும் மணியையும் கூடத்தில் மாட்டி, கம்பியோடு இணைத்துவிட்டுத்தான் போனார். டிரைவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். வீடு ஆடினாலும் கம்பி ஆடாது என்ற நிலை. இதைப் பார்த்த பிறகு எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வராது என்று மகிழ்ந்தார். அந்த எண்ணம் முழுக்க முழுக்கச் சரியானது. எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பார்வையிட வந்தவர் இளைஞர். கையில் தொடுதிரைப் பலகை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அன்றைய நாளுக்கான புன்னகை. குளியலறை வாசலில் நின்றவர் வியந்துபோனார்.

"அடேங்கப்பா! இதான் சார் கம்பி!"

"ஆமா தம்பி. இந்த இடத்துலதான் வேணும்" என்றார் டிரைவர்.

இளைஞர் கம்பியைத் தட்டினார். இழுத்தார். டிரைவரைப் போலவே தொங்கியும் பார்த்தார். "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கே சார். இந்தச் சிவப்பு பட்டன் என்ன?"

"அது பெல்லு."

இளைஞர் அழுத்தினார். கூடத்தில் மணி ஒலித்தது. அவர் முகம் மலர்ந்தது. பலகையில் விறுவிறுவென்று தட்டினார். அந்த வேகத்தைக் கண்டு டிரைவருக்கு முதன்முறையாகக் கவலை பிறந்தது.

"தம்பி, என்ன எழுதறீங்க?"

"வசதி ஏற்கெனவே இருக்கு. கூடுதலா அழைப்பு மணியும் இருக்கு. உதவி தேவையில்லை."

"ஐயோ, இது மாதிரிக்கு வெச்சதுப்பா! இந்த இடத்துல வேணும்னு காட்டறதுக்கு!"

"மாதிரி இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கக்கூடாது சார்."

"சரி, கம்பி வேண்டாம். பாதுகாப்பா இருக்குன்னு ஒரு சான்றாவது கொடுங்க."

"நாங்க போட்ட கம்பிக்குத்தான் சார் நாங்க சான்று தர முடியும். இது நாங்க போட்டது இல்லையே."

"அப்போ உங்க கம்பியைப் போடுங்க."

"அதான் ஏற்கெனவே கம்பி இருக்கே சார்!"

ஆக, கம்பி இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு அது இருந்தது. இருக்கிறது என்று சான்றளிக்க முடியாத அளவுக்கு இல்லாமலும் இருந்தது. பெரிய தத்துவ ஞானிகள் காடுகளில் தவமிருந்து அடையும் இந்நிலையை, அந்த மையம் ஒரு குளியலறையில் எளிதாக எட்டிவிட்டது. போகும்போது இளைஞர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "இதைக் கழட்டிட்டு மறுபடியும் மனு போடுங்க சார். ஒண்ணும் இல்லாம இருந்தா நிச்சயம் கிடைக்கும். என்ன, அடுத்த விசிட்டுக்குச் சில மாசம் ஆகும்."

சில மாதம்! மாதக் கடைசியோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆயினும் டிரைவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். சிவப்பு விழுந்தால் நிற்பவர். மறுநாள் காலை வெல்டரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, கம்பியைக் கழற்றச் சொன்னார். தலைமைச் செவிலியரிடம் கெஞ்சி இன்னும் சில காலம் கேட்டுப் பார்ப்பது என்ற நினைப்புடன் வார்டுக்குப் புறப்பட்டார்.

கட்டிலுக்கு அருகே கண்டக்டரம்மாவின் பை கட்டித் தயாராக இருந்தது. முதியோர் இல்லத்து வண்டி மறுநாள் வருகிறதாம்.

"வாங்க டிரைவரே. ரூட்டு என்னாச்சு?" என்றார் கண்டக்டரம்மா.

டிரைவர் நடந்ததையெல்லாம் சொன்னார். கம்பி நட்ட கதை வந்ததும் கண்டக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, பசிக்குதுன்னு சொல்லப் போறவங்க வாய் நிறையத் தின்னுக்கிட்டா போவாங்க?"

"இடத்தைத் தெளிவா காட்டச் சொன்னாங்க. காட்டினேன்."

"நல்லாக் காட்டினீங்க. இப்ப என்ன?"

"கம்பியைக் கழட்டச் சொல்லிட்டேன். வெல்டர் வந்திருப்பான்."

"யாரைக் கேட்டுக் கழட்டச் சொன்னீங்க? நான் பெல்லு அடிச்சேனா?"

கண்டக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். வார்டில் உள்ளவர்கள் கேட்கக்கூடாது என்று அவர் நினைப்பது மிக அரிது.

"எத்தனை வருஷம்... எல்லாரையும் அவங்கவங்க ஸ்டாப்புல பத்திரமா எறக்கி விட்டவ நான். தூங்கிட்டவங்களைக்கூடத் தட்டி எழுப்பி எறக்கியிருக்கேன். என்னை மட்டும் வேற ஏதோ ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டுப் போயிடாதீங்க."

டிரைவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

கண்டக்டரம்மா கையை நீட்டினார். "அந்தப் பையன் எழுதினதைக் காட்டுங்க. செக்கிங் இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்ங்கறதை விட்டுடணும். என்ன எழுதினார்ங்கறதைத்தான் பார்க்கணும்."

மையம் அனுப்பியிருந்த கடிதத்தைத் திறந்து டிரைவர் செல்பேசியைக் கொடுத்தார். கண்டக்டரம்மா கண்ணாடியை மாட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தார். மனுதாரரின் குளியலறையில் தரை முதல் கூரை வரை மிக உறுதியான பிடிகம்பி ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது என்பது நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தப்பட்டது. அவசர அழைப்பு மணியும் செயல்படும் நிலையில் உள்ளது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது. கீழே அலுவலரின் பெயர், பதவி, மின்கையொப்பம்.

கண்டக்டரம்மா சிரிக்கத் தொடங்கினார். இடுப்பு வலித்தும் நிறுத்த முடியவில்லை. "நர்ஸம்மா! இங்க ஒரு நிமிஷம் வாங்களேன்!"

தலைமைச் செவிலியர் அட்டையும் படிவமுமாக வந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னீங்கம்மா? கம்பி இருக்கணும். உறுதியா இருக்குன்னு அதிகாரி எழுதியிருக்கணும். அதானே?"

"ஆமாம்மா."

"இந்தாங்க."

செவிலியர் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் படித்தார். "அம்மா, இது நிராகரிச்ச கடிதமாச்சே!"

"ஆமா. ஏன் நிராகரிச்சாங்க? கம்பி அவ்வளவு உறுதியா இருக்காம்."

செவிலியர் தம் படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன: பிடிகம்பி உள்ளதா? அலுவலர் நேரில் ஆய்வு செய்து எழுதியுள்ளாரா? எழுதியது ஒப்புதலா, மறுப்பா என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை. அதை வடிவமைத்த அறிஞர், கேட்டதைக் கொடுக்க மறுக்கும் கடிதமே கேட்டதைக் கொடுத்துவிடும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். செவிலியர் இரண்டு கட்டங்களிலும் குறியிட்டார். அவருடைய உதட்டோரத்தில் எதையோ அடக்கியதற்கான அடையாளம் தெரிந்தது.

"நாளைக்கு வீட்டுக்குப் போலாம்மா. அந்த இல்லத்து வண்டியை வரவேண்டாம்னு சொல்லிடறேன்."

கண்டக்டரம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். "இப்ப அந்தக் கம்பி இருக்கா, இல்லையா?"

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெல்டரை அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார், எடுக்கவில்லை. மருத்துவமனை வாசலில் கிடைத்த முதல் பேருந்தில் தொற்றி ஏறினார். நிதானத்திற்குப் பெயர் போன அந்த மனிதருடைய வலது கால், அன்று முதன்முறையாகப் பிரேக்கைத் தேடவில்லை, ஆக்சிலரேட்டரைத் தேடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிழவிகளையும் குழந்தைகளையும் பொறுமையாக ஏற்றி இறக்கிய இளம் ஓட்டுநரைப் பார்த்து, "இவனெல்லாம் எதுக்குய்யா வண்டி ஓட்டறான்!" என்று சத்தமாகவே அங்கலாய்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் இம்முறையும் முறைத்தார்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. குளியலறைத் தரையில் ஸ்பானர்களும் சுத்தியலும் இறைந்து கிடக்க, அவற்றின் நடுவே வியர்வையில் நனைந்த வெல்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பி மஞ்சள் நிறம் மாறாமல் நிமிர்ந்து நின்றது.

"மன்னிச்சுக்கண்ணே. காலையிலேர்ந்து முட்டி மோதறேன். நான் போட்ட போல்ட்டை என்னாலயே கழட்ட முடியல. கட்டர் கொண்டு வந்து அறுத்துடட்டுமா?"

டிரைவர் ஈரத் தரையில் காலை அளந்து வைத்துப் போய், வெல்டரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். சொன்ன வேலை நடக்காததற்காக ஒரு மனிதர் இவ்வளவு மகிழ்வதைக் கண்டு, வெல்டருக்குச் சற்றுப் பயமாகக்கூட இருந்தது.

கண்டக்டரம்மா மறுநாள் வந்து சேர்ந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திருப்பத்தில் இண்டிகேட்டர் போடவில்லை என்பதை இருவருமே கவனித்திருந்தார்கள். அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். குளியலறையில் முதன்முறையாகக் கம்பியைப் பிடித்தபோது கண்டக்டரம்மா உள்ளங்கையால் அதை மேலும் கீழும் ஒருமுறை தடவினார். பிறகு, "மஞ்சள் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

முதல் சில நாள்கள் டிரைவரால் வாசலில் சும்மா நிற்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் சொட்டினால்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுவார். உடனே கூடத்தில் ஒற்றை மணி ஒலிக்கும். கால் தன்னால் நிற்கும். அந்த அறைக்குள் தம்மைப் பார்த்துக்கொள்ளத் தமக்குத் தெரியும் என்பதைக் கண்டக்டரம்மா ஒரே மணியில் சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலை செல்பேசி ஒலித்தது. முதியோர் உதவி மையத்தின் பதிவு செய்யப்பட்ட குரல், பாகு போன்ற இனிமையோடு பேசியது. 'இல்லம் இனிதாகட்டும்' திட்டத்தை நாடியமைக்கு நன்றி. எங்கள் சேவையால் தாங்கள் பயனடைந்தீர்களா? ஆம் எனில் ஒன்றை அழுத்துங்கள். இல்லை எனில் இரண்டை அழுத்துங்கள்.

டிரைவர் குழம்பினார். அவர்கள் ஒன்றுமே தரவில்லை, ஆகவே இரண்டு. ஆனால் தரமாட்டோம் என்று அவர்கள் எழுதித் தந்ததால்தான் கண்டக்டரம்மா வீட்டில் இருக்கிறார், ஆகவே ஒன்று. விரல் இரண்டுக்கும் நடுவே நின்றது. குரல் அதே இனிமையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

குளியலறையிலிருந்து மணி ஒலித்தது. ஒன்று, சிறிது இடைவெளிவிட்டு இன்னொன்று. வந்து கைகொடுக்கலாம் என்று பொருள்.

டிரைவர் செல்பேசியை மேசைமீது அப்படியே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.